முட்டையிலேயே தடுக்க எந்தக் குளவி, எந்த வழி?

பயிரைத் தின்னும் புழு வெளிவருவதற்கு முன்பே, அது அடைபட்டிருக்கும் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை அழித்துவிடும் சிறு குளவிகளை முட்டை ஒட்டுண்ணிகள் என்கிறோம். புழுப் பருவத்திலோ கூட்டுப்புழுப் பருவத்திலோ தாக்கும் ஒட்டுண்ணிகளும் பயனுள்ளவையே. ஆனால் அவை வேலையைத் தொடங்கும்போது பயிர் ஏற்கெனவே கடிபட்டிருக்கும். முட்டை ஒட்டுண்ணி வெற்றி பெற்ற இடத்தில் ஒரு கடிகூட விழுவதில்லை. தண்டைத் துளைத்து உள்ளே புகுந்துவிட்ட புழுவைத் தெளிப்பு மருந்து எட்டுவதே அரிது என்பதை நினைத்தால், இந்த மேன்மை எவ்வளவு பெரியது என்பது விளங்கும். எனினும், முட்டை ஒட்டுண்ணியைப் பயன்படுத்தலாம் என்று தீர்மானித்தவுடன் எந்தக் குளவி, எந்த வடிவில், எத்தனை முறை, வெளியிலிருந்து கொண்டுவந்து விடுவதா, வயலில் இருப்பதையே பெருக்குவதா என்ற கேள்விகள் வரிசையாக எழுகின்றன.

நடைமுறையில் இந்தத் தேர்வு பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. எளிதில் கிடைப்பது டிரைக்கோகிரம்மா அட்டை, அதாவது அந்தப் பெயருள்ள முட்டை ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டை. ஆகவே அதையே வாங்கி விடுகிறார்கள். பலன் தெரியாதபோது ‘உயிரியல் முறையே இப்படித்தான்’ என்று கைவிட்டுவிடுகிறார்கள். குளவியின் விலையையும் புகழையும் பார்ப்பதற்கு முன், தீமை செய்யும் பூச்சி தன் முட்டையை எங்கே, எப்படி இடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. முட்டை தனித்தனியாக இருக்கிறதா, குவியலாக இருக்கிறதா, ரோமத்தால் மூடப்பட்டிருக்கிறதா, இலைத் திசுவுக்குள் புதைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிட்டால், தேர்வில் பாதி தானாகவே முடிந்துவிடும்.

முட்டையின் அமைப்பும் குளவியின் திறனும்

டிரைக்கோகிரம்மா ஒரு மில்லிமீட்டரை எட்டாத உடல் கொண்டது. பல இனங்கள் அரை மில்லிமீட்டர் அளவுதான். இந்தப் பேரினத்தில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி முட்டைகளையே நாடுகின்றன. பெண் குளவி ஒரு முட்டையின் மேல் ஏறியதும் உணர்கொம்புகளால் தட்டித் தட்டிப் பார்த்தபடி அதன் வளைவின் மேல் நடக்கிறது. ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் சேரும் முதல் நடை எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைக் கொண்டே முட்டையின் அளவைக் கணித்து, உள்ளே எத்தனை முட்டைகள் வைக்கலாம் என்று அது தீர்மானிக்கிறது என்பதை டிரைக்கோகிரம்மா மினூட்டம் என்ற இனத்தில் ஆய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். சிறிய முட்டை என்றால் ஒன்று. பெரிய பட்டுப்பூச்சி முட்டை என்றால் பல பத்து. மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாளில், தாக்கப்பட்ட முட்டை உள்ளிருந்தே கறுத்துவிடுகிறது. 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாட்களில் புதிய குளவிகள் முட்டையோட்டைக் கடித்துத் துளையிட்டு வெளியேறுகின்றன.

இவ்வளவு சிறிய உடல் ஒரு வலிமை. அதுவே ஒரு குறையும்கூட. தனித்தனியாகத் திறந்த வெளியில் இடப்படும் காய்ப்புழு முட்டைகளுக்கும், செதில்போல் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து படிந்தாலும் மூடாக்கு இல்லாத கரும்புத் துளைப்பான் முட்டைகளுக்கும் டிரைக்கோகிரம்மா மிகப் பொருத்தமானது. ஆனால் படைப்புழு வகைகளின் தாய் அந்துப்பூச்சி முட்டைகளைப் பல அடுக்குகளாக அடுக்கி, தன் உடலின் செதில்களை அவற்றின் மேல் போர்த்திவிடுகிறது. டிரைக்கோகிரம்மா மேலடுக்கில் சிலவற்றைத் தாக்கும். செதில் அடர்ந்த இடத்திலும் கீழ் அடுக்கிலும் அதனால் நுழைய முடிவதில்லை. அடியில் தப்பிய முட்டைகள் பொரித்தால், ஒரே குவியலிலிருந்தே ஒரு செடியைச் சூறையாடப் போதுமான புழுக்கள் வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் டெலினோமஸ் ரீமஸ் முன்னுக்கு வருகிறது. 1937-இல் மலாயாவிலிருந்து விவரிக்கப்பட்ட இந்தக் கறுப்புக் குளவி, படைப்புழு இனங்களின் செதில் போர்வையை ஊடுருவிக் கீழடுக்கு முட்டைகளையும் எட்டுகிறது. ஒரு முட்டைக்கு ஒன்று என்ற கணக்கில் வைப்பதால், தன் வாழ்நாளில் ஒரு பெண் 200-க்கும் மேற்பட்ட முட்டைகளை அழிக்க வல்லது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த மக்காச்சோளப் படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவிலும் 2018-இல் இந்தியாவிலும் கண்டறியப்பட்ட பிறகு, இந்தக் குளவியைப் பற்றிய ஆர்வம் பல மடங்கு உயர்ந்தது. ஆப்பிரிக்காவில் யாரும் திட்டமிட்டு விடாத இடங்களிலும் அது ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பது பின்னர் தெரியவந்தது.

நெல்லின் மஞ்சள் தண்டுத் துளைப்பான் வேறொரு சிக்கலை முன்வைக்கிறது. தாய்ப்பூச்சி தன் வாற்பகுதியின் பழுப்பு ரோமத்தைக் குவியலின் மேல் பஞ்சுபோல் அப்பிவிடும். டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் இதிலும் ஓரளவு வெற்றி காண்கிறது. ஆனால் டெட்ராஸ்டிக்கஸ் ஸ்கீனோபி என்ற, உடலில் பெரிய குளவியின் போக்கே வேறு. அதன் புழு தான் பிறந்த முட்டையைத் தின்று முடித்துவிட்டுப் பக்கத்து முட்டைகளையும் தின்கிறது. அதாவது பாதி ஒட்டுண்ணி, பாதி இரைவிழுங்கி. ஒரு குவியலுக்குள் அது புகுந்துவிட்டால் மிச்சம் வைப்பது குறைவு. சிக்கல் என்னவென்றால், டிரைக்கோகிரம்மாவைப் போல் அதை மலிவாகத் தொழிற்சாலை முறையில் பெருக்கும் வழி இன்னும் அமையவில்லை. ஆகவே அதை வாங்கி விடுவதைவிட, வயலில் இருப்பதைக் கெடுக்காமல் காப்பதே இப்போதைக்கு உகந்த வழி.

குவியலின் தடிமன் எந்த அளவுக்குத் தடையாகும் என்பதற்கு, மரங்களின் இலையைத் தின்னும் புழுவைக் கொண்ட ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி தெளிவான சான்று. அதற்கு எதிராக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஊயென்சிர்ட்டஸ் குவானே என்ற குளவி அங்கே நிலைத்துவிட்டது. எனினும் அதன் முட்டையிடும் ஊசி குவியலின் மேற்பரப்பு முட்டைகளை மட்டுமே எட்டுவதால், பெரிய குவியல்களின் நடுப்பகுதி தொடர்ந்து தப்பிக்கிறது. ஓர் இனம் நிலைகொள்வதும் பூச்சியை அடக்குவதும் வெவ்வேறு என்பதை இது காட்டுகிறது.

நாவாய்ப்பூச்சிகளின் முட்டைகள் பீப்பாய் வடிவில், மேலே மூடியுடன், இலையின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். ஓடு தடித்தது. இவற்றுக்கு டிரிஸ்ஸோல்கஸ், டெலினோமஸ் போன்ற ஸ்கீலியோனிட் குடும்பக் குளவிகளே முதல் தேர்வு. டிரிஸ்ஸோல்கஸ் பெண் ஒவ்வொரு முட்டையிலும் தன் முட்டையை வைத்த பிறகு, ஊசி நுனியால் அதன் மேல் கீறி ஓர் அடையாளம் இடும். அடுத்த முட்டைக்குப் போகும்போது அடையாளம் இருப்பதை விட்டுவிடும். குவியல் முடியும்வரை பக்கத்திலேயே நின்று வேறு பெண்களை விரட்டுவதும் உண்டு. ஆண் குளவிகள் முன்னதாக வெளிவந்து, அதே குவியலின் மேல் காத்திருந்து, பின்னால் வரும் பெண்களோடு கூடுகின்றன. ஆகவே குவியலுக்கு ஓரிரு ஆண்கள் போதும். மீதி எல்லாம் பெண்களாகவே வருவதால் அடுத்த தலைமுறையின் தாக்கும் ஆற்றல் கூடுகிறது. இவற்றைவிடப் பெரிய அனாஸ்டாட்டஸ் குளவியும் நாவாய் முட்டைகளைத் தாக்கும். பட்டுப்பூச்சியின் பெரிய முட்டைகளில் அதைப் பெருக்க முடிவது ஒரு பெரிய வசதி; சீனத்தில் லிச்சி நாவாய்ப்பூச்சிக்கு எதிராக அதைப் பல்லாண்டுகளாக இம்முறையில் பயன்படுத்தி வருகிறார்கள். ஆனால் அது அந்துப்பூச்சி முட்டை, நாவாய் முட்டை என்று பல வகைகளையும் தாக்கக்கூடியது என்பதால், குறிவைத்த பூச்சியோடு நிற்கும் என்று சொல்ல முடியாது.

தத்துப்பூச்சி, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் போன்றவற்றின் முட்டைகள் இலையுறைத் திசுவுக்குள் கீறிச் செருகப்பட்டிருக்கும். இங்கே மைமாரிட் குடும்பத்தைச் சேர்ந்த அனாக்ரஸ் போன்ற குளவிகளே வழக்கமாக நுழைகின்றன. மயிர்க்கற்றை போன்ற சிறகுகளும் மெல்லிய ஊசியும் கொண்ட இவற்றின் குடும்பத்தில்தான் உலகின் மிகச் சிறிய பூச்சி இருக்கிறது: டிகோபோமார்ஃபா எக்மெப்டெரிஜிஸ் என்ற இனத்தின் ஆண் 0.139 மில்லிமீட்டர் அளவே உள்ளது. இவற்றை அட்டையில் ஒட்டி விற்கும் வழக்கம் இல்லை. புகையானுக்கு ‘முட்டை ஒட்டுண்ணி அட்டை’ கேட்பவருக்கு நேர்மையான பதில், வாங்குவதற்கு ஒன்றுமில்லை என்பதே.

டிரைக்கோகிரம்மாவும் டெலினோமஸும்

வாங்கிவிடக்கூடிய குளவிகளில் பெரும்பாலும் போட்டி இந்த இரண்டுக்கும் இடையேதான். ஆகவே இதில் சற்று நின்று பார்ப்பது தகும்.

வளர்ப்பில் டிரைக்கோகிரம்மாவுக்கு நிகரில்லை. 1920-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் ஸ்டான்லி ஃப்ளாண்டர்ஸ் தானிய அந்துப்பூச்சியின் முட்டைகளில் அதைப் பெருமளவு வளர்க்கும் முறையை உருவாக்கிய நாள் முதல், களஞ்சியப் பூச்சிகளின் முட்டையே அதன் தொழிற்சாலை. இப்போது கார்சைரா எனப்படும் அரிசி அந்துப்பூச்சி, மாவு அந்துப்பூச்சி, தானிய அந்துப்பூச்சி ஆகிய மூன்றும் இடத்துக்கு இடம் பயன்படுகின்றன. சீனத்தில் ஓக் பட்டுப்பூச்சியின் பெரிய முட்டைகளும் பயன்படுகின்றன. நொறுக்கிய தானியத்தில் கார்சைராவை வளர்த்து, அந்துப்பூச்சிகளிடமிருந்து முட்டைகளைச் சேகரித்து, செதில்களைச் சலித்து நீக்கி, புற ஊதாக் கதிரில் கருவை அழித்து, பசை தடவிய அட்டையில் தூவி, குளவிகளுக்குக் காட்டுவது வழக்கமான முறை. கருவை அழிக்காவிட்டால், குளவி தொடாத முட்டைகளிலிருந்து வரும் கார்சைராப் புழுக்கள் அட்டையில் உள்ள மற்ற முட்டைகளைத் தின்றுவிடும். ஒரு சி.சி. (கன சென்டிமீட்டர்) முட்டை என்றால் ஏறத்தாழ 18,000 முதல் 20,000 வரை இருக்கும், ஐந்து சி.சி. விட்டால் எக்டருக்கு ஒரு லட்சம் என்ற பரிந்துரை இந்தக் கணக்கிலிருந்து வந்ததே.

டெலினோமஸ் ரீமஸை வளர்க்கப் பொதுவாகப் படைப்புழுவின் முட்டையே வேண்டும். அந்தப் புழுக்கள் ஒன்றையொன்று தின்னும் இயல்புடையவை அல்லது அடர்த்தியைத் தாங்காதவை. அவற்றுக்குத் தனி உணவு, தனி இடம், கூடுதல் ஆள் தேவை. செலவு ஏறுகிறது. கார்சைரா முட்டையில் அதைப் பெருக்க முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருப்பது நல்ல செய்தி. அது பரவலான உற்பத்தியாக மாறினால் இந்த ஒப்பீட்டின் நிலுவையே மாறிவிடும்.

மலிவு ஒரு பக்கம் இருக்க, டிரைக்கோகிரம்மாவின் தேடும் ஆற்றல் குறுகியது என்பதை மறக்கக் கூடாது. அது பெரும்பாலும் இலைமேல் நடந்தே தேடுகிறது. பறந்து கடக்கும் தொலைவு சில மீட்டர்கள். ஆகவே வயலின் ஒரு மூலையில் நாலு அட்டைகளைக் கட்டிவிட்டு முழு வயலும் காக்கப்படும் என்று எதிர்பார்ப்பது வீண். அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பல இடங்களில் வைக்க வேண்டும். இலைப்பரப்பு மிகுந்த, உயரமான பயிர்களில் தேட வேண்டிய பரப்பு பெருகுவதால், அதே எண்ணிக்கை பாதிப் பலனே தரும். இத்தனை சிறிய உயிருக்குச் சில கெட்டிக்காரத்தனங்களும் உண்டு. முட்டைக்கோஸ் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் ஆண், கூடும்போது பெண்ணின் மேல் விட்டுச்செல்லும் மணத்தை டிரைக்கோகிரம்மா பிராசிக்கே மோப்பம் பிடித்து, அந்தப் பெண்ணின் மேல் தொற்றி ஏறிக்கொண்டு முட்டையிடும் இடத்திலேயே இறங்குகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. வயலில் விடுபவர் இதை நம்பி இடைவெளியைக் கூட்டிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

டெலினோமஸ் உடலில் பெரியது, பறப்பதில் வல்லது, குவியலைத் தேடிச் சென்றடையும் திறன் கூடுதல். ஒரு குவியலைக் கண்டால் அதை முடிக்காமல் நகர்வதில்லை. ஆனால் அதன் விருப்ப எல்லை குறுகியது. படைப்புழு இனங்களைத் தவிர வேறு பூச்சி உள்ள வயலுக்கு அது பொருந்தாது. காய்ப்புழு, இலைச்சுருட்டுப்புழு, துளைப்பான் என்று பல அந்துப்பூச்சிகள் மாறி மாறி வரும் பயிர் என்றால், எல்லாவற்றையும் ஓரளவு தொடும் டிரைக்கோகிரம்மாவே பயன் தரும். படைப்புழு ஒன்றுதான் பிரச்சினை என்று உறுதியாகத் தெரிந்த மக்காச்சோள வயலில், கிடைக்குமானால், டெலினோமஸை விட்டுவிட்டு டிரைக்கோகிரம்மாவைத் தேர்வதற்கு விலையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

டிரைக்கோகிரம்மா என்று முடிவு செய்தாலும் இனம் எது என்ற கேள்வி நிற்கிறது. நெல்லில் தண்டுத் துளைப்பானுக்கு ஜப்பானிக்கம், இலைச்சுருட்டுப்புழுவுக்கும் கரும்பின் இடைக்கணுப்புழுவுக்கும் கைலோனிஸ், தக்காளியின் டூட்டா இலைத்துளைப்பானுக்கு அக்கேயே, ஐரோப்பிய மக்காச்சோளத் துளைப்பானுக்கு பிராசிக்கே என்பது நிலைபெற்ற தேர்வு. கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தோ மரபணுவைக் கொண்டோதான் அறிய முடியும். ஆகவே அட்டையின் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பியே வாங்க வேண்டியிருக்கிறது. அந்த நம்பிக்கைக்குத் தகுதியான உற்பத்தியாளரைத் தேடுவது இனத்தைத் தேர்வதற்குச் சமமான முடிவு. பல தலைமுறைகள் களஞ்சிய அந்துப்பூச்சியின் முட்டையிலேயே வளர்ந்த குளவிகளில் சிறகு குறைபட்டவை பெருகுவதும், பெண் விகிதம் சரிவதும், உண்மையான பூச்சியின் முட்டையை நாடும் ஆர்வம் மங்குவதும் தெரிந்த குறைகள். இடையிடையே வயலிலிருந்து புதிய குளவிகளைச் சேர்த்து வளர்ப்பைப் புதுப்பிக்கும் உற்பத்தியாளரா என்று கேட்டறிவது நல்லது.

பயிருக்கும் இந்தத் தேர்வில் ஒரு குரல் உண்டு. கொண்டைக்கடலையின் இலைமயிர்கள் சுரக்கும் அமிலத்தில் டிரைக்கோகிரம்மா நடக்கவே தயங்குகிறது. தக்காளியின் பிசுபிசுப்பான மயிர்களும் அதைச் சிக்கவைக்கின்றன. அதே காய்ப்புழு, அதே குளவி. பயிர் மாறினால் பலன் மாறிவிடுகிறது. கொண்டைக்கடலைக் காய்ப்புழுவுக்கு முட்டை ஒட்டுண்ணியில் பணம் போடுவதைவிட, புழுவைத் தாக்கும் நியூக்ளியர் பாலிஹெட்ரோசிஸ் வைரஸைத் தெளிப்பது மேல்.

அட்டையா, குப்பியா, தூவலா?

இது சிறிய முடிவு என்று தோன்றும். ஆனால் பல தோல்விகள் இங்கேதான் நடக்கின்றன. அட்டை மலிவு, கையாள்வது எளிது. திறந்திருப்பதால் எறும்பும் சிலந்தியும் முட்டைகளை எடுத்துச் சென்றுவிடும். கனமழையில் பசை கரைந்து உதிரும். உச்சி வெயிலில் 35 டிகிரிக்கு மேல் சூடேறினால் குளவிகள் வெளிவருவதே குறையும். ஆகவே காலையிலோ மாலையிலோ, இலையின் அடிப்பக்கத்தில், குளவிகள் வெளிவரத் தொடங்கும் நேரத்தை ஒட்டி வைக்க வேண்டும். வாங்கி வந்த அட்டையை ஒரு நாள் தாமதித்தால்கூடப் பையிலேயே குளவிகள் வெளிவந்து வீணாகும். சுமார் 10 டிகிரி குளிரில் சில நாட்கள் தள்ளிப்போடலாம். நீண்ட சேமிப்பு தரத்தைக் குறைத்துவிடும்.

மட்கும் அட்டைக் குப்பிகள் எறும்புக்கும் மழைக்கும் தடை போடுகின்றன. ஐரோப்பாவில் மக்காச்சோளத்துக்கு விற்கப்படும் குப்பிகளில், வெவ்வேறு வளர்ச்சி நிலையில் உள்ள குளவிகளைக் கலந்து வைப்பதால், ஒரே முறை விட்டாலும் வெளிவருதல் பல நாட்களுக்கு நீள்கிறது. அங்கே பிராசிக்கே இனத்தை உறக்க நிலையில் ஆழ்த்திப் பல மாதங்கள் சேமிக்கும் நுட்பமும் கைவந்திருப்பதால், குளிர்காலத்தில் உற்பத்தி செய்து பருவத்தில் விற்க முடிகிறது. ட்ரோன் மூலம் முட்டைகளைத் தூவுவது பெரிய பரப்புக்கும் ஆள் நுழைய முடியாத அடர்ந்த பயிருக்கும் பொருந்தும். பிரேசிலின் கரும்பு வயல்களில் இது பரவலாகிவிட்டது. தூவிய முட்டைகளில் ஒரு பகுதி மண்ணில் விழுந்து எறும்புக்கு இரையாகும் என்பதைக் கணக்கில் சேர்த்தே அளவைக் கூட்ட வேண்டும். சிறு வயலுக்கு அட்டைத் துண்டே போதும்.

எந்த வடிவமானாலும் காலம் தவறினால் எல்லாம் தவறும். டிரைக்கோகிரம்மா புதிதாக இடப்பட்ட முட்டையையே விரும்புகிறது. உள்ளே புழுவின் தலை கறுக்கத் தொடங்கிவிட்ட முட்டை அதற்கு உதவாது. பல அந்துப்பூச்சிகளின் முட்டைப் பருவமே மூன்று முதல் ஐந்து நாள்தான். குளவியும் தேன் கிடைக்காவிட்டால் சில நாட்களே வாழும். ஆகவே ஒரே முறை பெரிய எண்ணிக்கையில் விடுவதைவிட, இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி விழத் தொடங்கிய வாரத்திலிருந்து, வாரந்தோறும் பிரித்து விடுவதே சரி. புழுவைக் கண்ட பிறகு முட்டை ஒட்டுண்ணியைத் தேடுவது பிந்திய செயல்.

முட்டையில் நுழைந்து புழுவில் முடிப்பவை

முட்டைக்குள் தன் முட்டையை வைத்தாலும், பூச்சியைப் பொரிக்கவிட்டுப் பிறகு புழுவையோ கூட்டுப்புழுவையோ கொல்லும் குளவிகள் தனி வகை. கெலோனஸ், கோபிடோசோமா ஆகியவை இதில் அடங்கும். பழ ஈயின் முட்டையில் நுழைந்து கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் ஃபோபியஸ் அரிசானஸும் அவ்வாறே. இவற்றைப் பட்டியலில் முட்டை ஒட்டுண்ணி என்றே சேர்த்துவிடுவது வாங்குபவரை ஏமாற்றக்கூடும். கெலோனஸ் தாக்கிய புழு வழக்கத்தைவிடக் குறைவாகத் தின்கிறது. கோபிடோசோமா ஃப்ளோரிடேனம் தாக்கிய புழுவோ ஆரோக்கியமான புழுவைவிடக் கூடுதலாகத் தின்கிறது. குளவி வைத்த ஓரிரு முட்டைகளே உள்ளே பிரிந்து பிரிந்து ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குளவிகளாவதற்குப் பெரிய உடல் தேவைப்படுகிறது அல்லவா? அடுத்த தலைமுறைப் பூச்சி குறையும். இந்தப் பருவத்துப் பயிர் காக்கப்படாது. பழமரங்கள் போன்ற நிலையான தோட்டங்களில், ஆண்டுக்கணக்கில் பூச்சியின் அடர்த்தியைக் குறைப்பதே நோக்கமாக இருந்தால் மட்டுமே இவற்றை நாடலாம். ஃபோபியஸ் ஹவாயிலும் பிரெஞ்சு பாலினீசியாவிலும் பழ ஈக்கு எதிராக அவ்வாறே உதவியிருக்கிறது.

விடுவதா, குடியேற்றுவதா, காப்பதா?

பருவந்தோறும் விடுவது ஒரு தொடர்செலவு. அதற்கு மாற்றாக, வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சிக்கு அதன் தாயகத்துக் குளவியையே ஒருமுறை கொண்டுவந்து குடியேற்றிவிட்டால், பிறகு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இதன் சிறந்த சான்றுகளில் பல, முட்டை ஒட்டுண்ணிகளுடையவையே. யூகலிப்டஸ் இலையைத் தின்னும் கோனிப்டெரஸ் கூன்வண்டுக்கு எதிராக அனாஃபெஸ் நைட்டென்ஸ் என்ற மைமாரிட் குளவி 1926-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பெரும் பகுதியில் வண்டு அடங்கியது. உயரமான, குளிர் மிகுந்த இடங்களில் அடங்கவில்லை. தஹிதித் தீவில் 1999-இல் நுழைந்த கண்ணாடிச் சிறகுத் தத்துப்பூச்சிக்கு எதிராக 2005-இல் கோனாட்டோசெரஸ் அஷ்மேடி விடப்பட்டது. ஓராண்டுக்குள்ளாகவே பூச்சியின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது.

ஆனால் இந்த முடிவு ஒரு விவசாயியுடையதோ ஒரு தோட்டத்துடையதோ அல்ல, அரசுடையது. ஒருமுறை விட்ட குளவியைத் திரும்ப அழைக்க முடியாது என்பதால், அது உள்ளூர்ப் பூச்சிகளில் எவற்றைத் தாக்கும் என்று ஆண்டுக்கணக்கில் தனிமைக்கூடத்தில் சோதிப்பது கட்டாயம். பழுப்பு நாவாய்ப்பூச்சிக்கு எதிரான டிரிஸ்ஸோல்கஸ் ஜப்பானிக்கஸை அமெரிக்க ஆய்வாளர்கள் அப்படிச் சோதித்துக்கொண்டிருந்தபோதே, 2014-இல் மேரிலாந்தில் வெளிவயலில் அது தானாகவே வந்து குடியேறியிருப்பது கண்டறியப்பட்டது. 2017-இல் சுவிட்சர்லாந்திலும் அதற்கடுத்த ஆண்டு இத்தாலியிலும் அவ்வாறே தென்பட்டது. பிறகு 2020-இல் இத்தாலி அதை அதிகாரப்பூர்வமாக விடத் தொடங்கியது. எச்சரிக்கைக்கு எதிரான வாதமாக இதை நான் கொள்ளவில்லை. கப்பல் சரக்கு அனுமதி கேட்டு வருவதில்லை என்பது மட்டும் உண்மை.

மூன்றாவது வழி, வயலில் ஏற்கெனவே இருக்கும் குளவிகளைக் காப்பது. விற்பதற்கு ஒன்றும் இல்லாததாலேயே இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு; என் மதிப்பீட்டில் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியது இதையே. கலிபோர்னியாவின் திராட்சைத் தத்துப்பூச்சி குளிர்காலத்தை முதிர்பூச்சியாகவே கழிக்கிறது. அப்போது அதன் முட்டைகள் கிடையா. அனாக்ரஸ் குளவிக்கோ ஆண்டு முழுவதும் ஏதேனும் முட்டை வேண்டும். ஓடைக்கரைக் காட்டு பிளாக்பெர்ரிப் புதர்களில் வாழும் வேறொரு தத்துப்பூச்சியின் முட்டைகளில் அது குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் திராட்சைக்குத் திரும்புகிறது என்பதை 1960-களில் கண்டறிந்தார்கள். புதரை வெட்டி ‘சுத்தம்’ செய்த தோட்டங்களுக்குக் குளவி பிந்தி வந்தது. நெல்லில் இதன் மறுபக்கம் தெரிந்தது. சீனம், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளில் வரப்புகளில் எள் போன்ற தேன் தரும் செடிகளை வளர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது: பூச்சிகள் குறைந்தன; பூச்சிக்கொல்லிப் பயன்பாடு 70 விழுக்காடு குறைந்தது; விளைச்சல் 5 விழுக்காடு கூடியது. புகையானின் முட்டைக்கு அட்டை வாங்க முடியாது என்று மேலே சொன்னதற்கு விடை இந்த வரப்பில்தான் இருக்கிறது.

மருந்தோடு சேர்த்துப் பார்க்கையில்

விடுவதானாலும் காப்பதானாலும், அகன்ற வீச்சுள்ள பூச்சிக்கொல்லி அதே வயலில் தெளிக்கப்பட்டால் இந்த ஒப்பீடு எதற்கும் பொருளில்லை. பைரெத்ராய்டுகளும் ஆர்கனோபாஸ்பேட்டுகளும் முதிர்ந்த குளவியைக் கொல்வதோடு, படிவாகப் பல நாட்கள் இலையில் நின்று, அடுத்து விடப்படுபவற்றையும் கொல்கின்றன. இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கப்படும் ஸ்பினோசாடும் டிரைக்கோகிரம்மாவுக்குக் கடும் நஞ்சு என்பது பலர் கவனிக்காத செய்தி. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து குளவிக்குத் தீங்கற்றது. குளோரான்ட்ரானிலிபுரோல் என்ற பூச்சிக்கொல்லியும் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. தப்பிப் பொரித்த புழுக்களுக்கு இவற்றை வைத்துக்கொண்டு, முட்டைக்குக் குளவியை வைத்துக்கொள்வது பொருத்தமான கூட்டு. சாறு உறிஞ்சும் பூச்சிக்காக ஒவ்வொரு பத்து நாளும் தெளித்தே தீர வேண்டிய நிலை என்றால், அந்தப் பருவத்தில் அட்டை வாங்காமல் இருப்பதே சிக்கனம். ஒரு புழுத் துளைகூட ஏற்கப்படாத ஏற்றுமதிக் காய்கறியிலும் குளவியை மட்டும் நம்ப முடியாது. வலைக்கூரை போன்ற தடுப்பைத்தான் முதலில் நாட வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், அது வேலை செய்கிறதா என்பதைப் புழுவின் எண்ணிக்கையைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். முட்டையைப் பார்த்தே அறியலாம். விட்ட ஐந்தாம் ஆறாம் நாளில், குளவி விட்ட பகுதியிலிருந்தும் விடாத பகுதியிலிருந்தும் முட்டைகளை இலையோடு எடுத்து, பஞ்சடைத்த கண்ணாடிக் குழாய்களில் தனித்தனியாக வைக்க வேண்டும். அட்டையில் ஒட்டியிருக்கும் முட்டைகளை இதில் கலக்கக் கூடாது. டிரைக்கோகிரம்மா தாக்கியவை கறுத்துவிட்டிருக்கும். மற்றவை பொரித்துப் புழு வெளிவரும் அல்லது சுருங்கும். டெலினோமஸ் தாக்கியவற்றில் நிறமாற்றம் அவ்வளவு தெளிவாக இராது என்பதால், குளவி வெளிவரும்வரை மேலும் ஒரு வாரம் காத்திருந்து எண்ண வேண்டும். படைப்புழுக் குவியல் என்றால் மெல்லிய தூரிகையால் செதிலை விலக்கி, மேலடுக்கையும் கீழடுக்கையும் பிரித்து எண்ணுவது நல்லது. மேலே கறுத்தும் கீழே வெளுத்தும் இருந்தால், அடுத்த முறை அளவைக் கூட்டிப் பயனில்லை. குளவியைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு பகுதிகளிலும் ஒரே விகிதம் வந்தால், வேலை செய்வது வாங்கிய குளவியல்ல, வயலில் ஏற்கெனவே இருந்த குளவி என்று பொருள். அந்தச் செலவை அடுத்த பருவத்தில் வரப்புச் செடிகளுக்கு மாற்றிவிடலாம்.